பல்கனி டிக்கெட்

எங்கள் ஊர்த் தியேட்டரில் டிக்கெட் விலை கூடுவதை யாரும் அறிவிப்பதில்லை. டிக்கெட் கொடுக்கும் துவாரத்துக்கு மேலே ஒரு மட்டை தொங்கும். கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கனி என்று கீழிருந்து மேலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை போட்டிருப்பார்கள். விலை கூடும்போது பழைய எண்ணின் மேல் ஒரு துண்டு வெள்ளைத் தாளை ஒட்டிப் புதிய எண்ணை எழுதுவார்கள். பல்கனிக்கு எதிரே ஒட்டிய தாள்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடத் தடித்துப்போயிருந்தன. நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் களஞ்சியப் பொறுப்பாளனாக வேலை செய்தவன். இப்படியான தடிப்புகள் என் கண்ணில் படாமல் போவதில்லை.

டயரி எழுதுவது என் பழக்கம். கடல் வந்த நாள்வரைக்குமான டயரிகள் உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பிரிக்க முயன்றேன், எழுத்துத்தான் பிரிந்து வந்தது. ஆகவே அதற்கு முந்தியவற்றை ஞாபகத்திலிருந்தும், பிந்தியவற்றை டயரியைப் பார்த்தும் எழுதுகிறேன்.

முந்திய காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சம்பளம் வந்த பிறகு வருகிற முதலாவது சனிக்கிழமை, நானும் மனைவியும் பகல் காட்சிக்குப் போவோம். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போக வேண்டும். மகளைப் பின்வளவு வீட்டில், மனைவியின் தங்கையிடம் விட்டுவிட்டுப் போவோம். தங்கைக்கு ஒரே ஒரு மகன், அப்போது ஆறு வயது. அவன் என் மகளின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிவான். நாங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது தங்கை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவாள்:

"புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெளிக்கிட்டாச்சு. அக்கா, பூ ஒண்டு வைக்கல்லயா?"

"நீ கம்மா இரிகா" என்று அவள் வாயை அடக்குவாள் மனைவி. பூ வைத்துத்தான் இருப்பாள், முந்தானைக்குள் மறைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பெண் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் பாடு. மனைவியின் தகப்பனான மாமாவுக்கு இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பிறகு ஒரு மகன். வீதிப் பக்கத்து வீடு மூத்தவளான என் மனைவிக்கு வந்தது. சில வருடங்கள் கழித்து இளையவளுக்குக் கலியாணம் பேசியபோது, பின்பக்கத்து வளவில், கடலை நோக்கி ஒரு வீட்டைக் கட்டினார்கள். நல்ல காற்று வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரத்தான் செய்தது.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நகரத்தில் சந்தையில் நின்றேன். பாலத்துக்குத் திரும்பி வந்தபோது ஆட்கள் எதிர்ப்பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் யன்னல் மட்டத்துக்கு வந்து வடிந்திருந்தது. மனைவியும் மகளும் அயல்வீட்டுக் கொங்கிரீட் கூரைத்தட்டில் நின்றார்கள். பின்வளவில் வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தளம் மட்டும் கிடந்தது. தங்கையை ஒரு தென்னைமரத்தடியில் கண்டெடுத்தார்கள். மகனின் கையைப் பிடித்திருந்ததாகச் சொன்னாள். எதுவரைக்கும் பிடித்திருந்தாள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. அவனை மூன்றாம் நாள் வாவிக்கரையில் கண்டோம்.

அதன்பிறகு தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய கணவருக்குச் செங்கலடியில் நெல் ஆலையில் வேலை. கிழமைக்கு ஒருதரம் வந்து போவார். கடலோரத்தில் திரும்பவும் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. உள்ளே வேறு காணி தரலாம் என்று வந்தபோது தங்கை போக மறுத்தாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

அந்த வருடம் முழுவதும் என் மனைவி அழுததை நான் காணவில்லை. செத்தவீட்டில்கூட. ஆட்கள் வந்து வந்து தங்கையைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், பாய் விரித்தாள், தங்கையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். வெளியே அவளைப் பற்றிச் சிலர் வேறுவிதமாகப் பேசியது என் காதுக்கு வந்தது. "மூத்தவள் கல்லு" என்றார்கள்.

ஆண்டுத் திவசம் முடிந்தது. அதற்கு அடுத்த மாதம், சம்பளம் வந்த கிழமை, மனைவி என்னிடம் கேட்டாள்:

"இஞ்ச பாருங்க, படத்துக்குப் போவமா?"

நான் எதிர்பார்க்கவில்லை. ஓம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பல்கனிக்கு எதிரே ஒரு புதிய தாள் ஒட்டியிருந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் பல வருடமாக எங்களைத் தெரிந்தவர்.

"என்ன இது, ஒரேயடியா இப்பிடி ஏத்தியிருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"டீசல் விலையைப் பாருங்க சேர். கரண்ட் நிண்டா ஜெனரேட்டர் போடத்தானே வேணும். ஆக்கள் வாறதும் கொறவு."

"கொறவா வந்தா விலையைக் குறைக்கிறதுதானே."

"அப்பிடியெண்டா பழைய படத்துக்கு வாங்க சேர், பழைய விலைக்குத் தாறன்."

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். வாங்கிக்கொண்டு ஏறினோம்.

பல்கனியில் ஆட்கள் மிகக் குறைவு. அவள் பின்வரிசையில், சுவரோரமாக இருந்தாள். என்ன படம் என்பது டயரியில் இருக்கிறது, இங்கே அது தேவையில்லை. இடைவேளைக்கு முன் ஒரு நகைச்சுவைக் கட்டம் வந்தது. கல்யாண வீட்டில் பந்திக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டு ஒரே இலையில் மூன்று தரம் சாப்பிட வேண்டி வருகிறது. கீழே கலரியில் விசிலும் கைதட்டலுமாக ஒரே ஆரவாரம். மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினேன். திரையின் வெளிச்சம் மாறியபோது அவள் முகம் தெரிந்தது.

சிரிப்பு அடங்கத் தொடங்கியதும் அவளும் அடங்கினாள். அடுத்த சிரிப்பு வந்ததும் மறுபடி தொடங்கினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

வெளியே வந்து கச்சான் கடலை வாங்கினாள். ஒரு சுருள் தங்கைக்கு. வீட்டில் தங்கை அதை வாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"படம் எப்பிடிக்கா?"

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு."

"கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. அவ்வளவு சிரிப்பா?" என்றாள் தங்கை. பிறகு சொன்னாள்: "ஒங்களுக்கென்ன. போயிட்டு வாங்க."

கச்சானை அவள் சாப்பிடவில்லை. மகள்தான் சாப்பிட்டாள்.

அடுத்தடுத்த மாதங்களிலும் போனோம். எல்லாம் அதே மாதிரித்தான் நடந்தது. சண்டைக் கட்டத்திலும் சோகக் கட்டத்திலும் அவள் நேராக இருந்து படம் பார்ப்பாள். சோகக் கட்டத்தில் தியேட்டர் அமைதியாகிவிடும், மூக்குறிஞ்சினாலும் கேட்கும். சிரிப்புக் கட்டம் வரும்போது சேலைத் தலைப்பைக் கையில் எடுப்பாள். சில படங்களில் சிரிப்பு போதாது. அப்படியான நாட்களில் திரும்பி வரும்போது அவள் பேசமாட்டாள்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, பாலத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, அவளாகவே சொன்னாள்:

"அவளுக்கு முன்னால என்னால அழ ஏலா. எனக்கு வீடு நிக்கி. புள்ளையும் நிக்கி. அவள்ட வீட்டக் கடல்பக்கம் கட்டினது நான் முந்திக் கலியாணம் முடிச்சதாலதானே. நான் என்ன மூஞ்சியோட அழுற?"

"அதுக்கு நீ என்ன செய்யிற" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லுறன். ஒண்டும் செய்ய ஏலா. அதுதான் படத்துக்கு வாறன்."

மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பின்வரிசை அவளுக்குத் தேவை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. வீட்டில் அதற்கு இடம் இல்லை. தங்கை கூடத்தில் படுத்திருப்பாள், மகள் அறையில் படிப்பாள், அடுப்படிக்கு அயல் பெண்கள் வந்து போவார்கள். கிணற்றடி நாலு வீட்டுக்குப் பொது.

இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் நின்றிருந்த சண்டை திரும்பவும் தொடங்கியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்துக்கு வந்தார்கள். அரிசி, மண்ணெண்ணெய், பால்மா எல்லாமே ஏறின. தியேட்டரும் ஏறியது. சில கிழமைகள் மூடிக் கிடக்கும், திறக்கும்போது இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். நகரத்திலிருந்து ஷெல் அடிக்கிற சத்தம் படத்துக்குள் கேட்டால், கலரியில் யாராவது "அது நம்மட படத்தில இல்ல" என்று கத்துவார்கள். அதற்கும் சிரிப்பு வரும். மனைவி அந்தச் சிரிப்பையும் வீணாக்கவில்லை.

இரண்டு பல்கனி டிக்கெட் காசில் ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம் என்ற நிலை வந்தபோது, கீழே முதலாம் வகுப்பில் இருந்து பார்ப்போம் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அன்று எங்களுக்குப் பின்வரிசையில் என் அலுவலகத்து எழுதுவினைஞர் குடும்பத்தோடு இருந்தார். அவருடைய மனைவி படம் முழுவதும் முன்னால் குனிந்து என் மனைவியின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார். சிரிப்புக் கட்டங்களில் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தலையிடி என்று படுத்தாள். அடுத்த மாதம் மறுபடி பல்கனிக்குப் போனோம். அதற்கடுத்த மாதம் போகவில்லை. காரணம் காசு.

அந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி, கட்டாரில் வேலை செய்தவன், விடுமுறையில் வந்தான். பெரிய பெட்டி ஒன்றில் தொலைக்காட்சி. சின்னப் பெட்டி ஒன்றில் சீடி போடுகிற மெசின். குடும்பத்துக்கென்று வருகிற பொருள் மூத்த பெண்ணின் வீட்டில்தான் வைக்கப்படும். அதனால் அது எங்கள் கூடத்துக்கு வந்தது.

"அக்கா, இனித் தியேட்டர்காரனுக்கு ஒரு சதம் குடுக்காதீங்க" என்றான் தம்பி. வயர்களைச் செருகிக்கொண்டே பேசினான். "ஒரு பல்கனி டிக்கெட் காசுக்கு நாலு படம். காலை நீட்டிட்டுப் பாக்கலாம். மூத்திரம் வந்தா நிப்பாட்டி வச்சிட்டுப் போகலாம். எந்தத் தியேட்டர்காரன் நிப்பாட்டுவான்?"

"நீ வந்த நேரம் நல்ல நேரம் மனே" என்றாள் மனைவி.

"மச்சான், என்ன ஒண்டும் பேசாம நிக்கிறீங்க? கணக்குச் சரியா இல்லயா?"

"கணக்குச் சரி" என்றேன். கணக்கு உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

தொலைக்காட்சி வந்ததால் நடந்த நன்மையையும் எழுத வேண்டும். தங்கை அதன் முன்னால் பாயைப் போட்டு இருந்தாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டை அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், முழுதாகச் சாப்பிட்டாள். இரண்டு வருடமாகக் கோப்பையில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தவள் அவள். ஒரு கிழமைக்குள் நடிகர்களைத் திட்டத் தொடங்கினாள். "இந்த எருமைக்கு அறிவு கிடையாது, கதவுக்குப் பின்னாலதான் அவன் நிக்கான்" என்று அவள் ஒருநாள் கத்தியபோது அடுப்படியில் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றதைப் பார்த்தேன். தங்கையின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நாங்கள் கேட்டு வெகு காலம்.

அதனால் தொலைக்காட்சியை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. பின்னேரமானால் அயலில் இருந்து ஆட்கள் வருவார்கள். பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும், பின் ஒழுங்கை வீடுகளில் இருந்து இரண்டு பெண்கள். தியேட்டர் மாதிரி இருக்க வேண்டும் என்று லைட்டை நூர்த்து இருட்டாக்குவார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா இருத்தி வைப்பதில்லை. வீட்டுக்காரிதான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், வீடு அவளுடையது. மனைவி ஒரு படத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து பார்த்ததில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள கதவுநிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். யாராவது "அக்கா, சீனி காணாது, இன்னும் கொஞ்சம்" என்றால் போவாள்.

சந்தியில் விற்ற சீடிகள் பெரும்பாலும் கள்ளச் சீடிகள். எந்த நாட்டிலோ ஒரு தியேட்டருக்குள் கெமராவை ஒளித்துக் கொண்டுபோய் எடுத்தவை. படம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அடியில் வரிசையாகத் தலைகள் தெரியும். அந்தத் தியேட்டரில் உள்ளவர்கள் சிரிப்பதும் இருமுவதும் கேட்கும். சிலநேரம் ஒருவர் எழும்பி நடக்க, அவருடைய நிழல் கதாநாயகியின் முகத்துக்குக் குறுக்கால் போகும்.

"அங்க பாருங்க, ஒராள் எழும்பிப் போறார்" என்றாள் மனைவி ஒருநாள், நிலையில் சாய்ந்தபடி.

"எங்ககா? அது படம் எடுத்த இடத்து ஆள்" என்றாள் அயல் பெண்.

"தெரியும். அந்தாக்கள் தியேட்டருக்குள்ள இரிக்காங்க. நாம அவங்கட முதுகத்தானே பாக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. தியேட்டருக்குப் போவமா என்று மனைவி கேட்பதில்லை. நான் கேட்ட இரண்டு தடவையும் "அந்த விலைக்கு என்னத்துக்கு, வீட்டிலயே கிடக்கு" என்றாள். தலையிடி அடிக்கடி வந்தது. வைத்தியரிடம் காட்டினேன். கண்ணாடி போட வேண்டும் என்றார். போட்டோம். தலையிடி அப்படியே இருந்தது. லைட் நூர்த்த கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழும்போது சேலைத் தலைப்பை எடுக்கிற அந்தக் கை அசைவை நான் சில தடவைகள் கண்டேன். ஆனால் உடனே தலைப்பைக் கீழே விட்டுவிடுவாள். தங்கை இருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள் அவள்.

வன்னியில் சண்டை முடிந்த மாதம். நகரத்துச் சந்தியில் பட்டாசு வெடித்த நாட்கள் அவை. தொலைக்காட்சியில் எந்தச் செனலைத் திருப்பினாலும் ஒரே காட்சிகள்.

"செய்தி வேணாம். படத்தப் போடுங்க" என்றாள் தங்கை. அயலவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். சண்டைக்குள்ளிருந்து தண்ணீரைக் கடந்து வெளியே வந்து நிற்கிற ஆட்களைப் பார்க்க அந்தக் கூடத்தில் யாருக்கும் முடியவில்லை. ஒரு கள்ளச் சீடியைப் போட்டு லைட்டை நூர்த்தோம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

நகைச்சுவைக் கட்டம் வந்தது. ஒருவன் குதிரையில் ஏறத் தெரியாமல் மறுபக்கம் விழுகிறான், திரும்பவும் ஏறுகிறான். சீடிக்குள் இருந்த தியேட்டர் முழுவதும் சிரித்தது. அதற்கு மேலே எங்கள் கூடம் சிரித்தது. அந்த மாதத்தில் யாருக்கும் அவ்வளவு சிரிப்பு இருக்க நியாயமில்லை. அதனால்தானோ என்னவோ எல்லோரும் பலமாகச் சிரித்தார்கள். இரண்டு அடுக்குச் சிரிப்பு. நிலையைப் பார்த்தேன். மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். இந்தத் தடவை அவள் கை கீழே இறங்கவில்லை.

கரண்ட் போயிற்று.

தொலைக்காட்சி, மின்விசிறி, சீடிக்குள் இருந்த அந்தத் தியேட்டர், எல்லாம் ஒரே கணத்தில் நின்றன. தியேட்டரில் என்றால் ஜெனரேட்டர் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஏது ஜெனரேட்டர். கூடத்துச் சிரிப்பு இன்னும் அரை மூச்சுத் தொடர்ந்து, நின்றது. அப்போது அழுகை மட்டும் மிச்சமாகக் கேட்டது. அவளால் அவ்வளவு சடுதியாக நிறுத்த முடியவில்லை.

"ஆரோ அழுறாப் போல கிடக்கு" என்றாள் அயல் பெண் இருட்டுக்குள்.

"படத்திலயா?" என்றார் அவள் கணவர்.

"கரண்ட் இல்லாமப் படமா? கம்மா இரிங்க."

பாய் சரசரத்தது. தங்கை எழும்பவில்லை, தவழ்ந்து போனாள் என்று நினைக்கிறேன். அவளுடைய வளையல் நிலையில் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது.

"அக்கா. நீயா?"

அழுகைதான் பதில்.

"என்ட புள்ளைக்கா?"

"வேற ஆருக்குகா?" என்றாள் மனைவி.

கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. பிறகு தங்கை பேசினாள். குரல் கோபமாகத்தான் இருந்தது.

"இத்தன வருசமா நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. என்ட புள்ள செத்ததுக்கு ஊரே அழுதிச்சு, நீ அழல்ல. நான் உன்னோட எவ்வளவு கோவமா இருந்தன் தெரியுமா? உன்ட வீட்டில சாப்பிட்டுக்கொண்டே கோவமா இருந்தன். அவளுக்கென்ன, மாசம் மாசம் பூ வச்சிட்டுப் படம் பாக்கப் போறாள் எண்டு."

"படம் ஆர்கா பாத்த?" என்றாள் மனைவி. அழுகைக்குள் சொற்கள் உடைந்து வந்தன. "நான் பாத்த ஒரு படத்திட கதையாவது எனக்குத் தெரியுமா எண்டு கேளு இவர்ட்ட. சிரிப்பு வாற இடத்தில இருந்து அழுதிட்டு வருவன். அதுக்குத்தான் அந்தக் காசு."

"எனக்கிட்ட இருந்து அழுறதுக்கென்ன?"

"எனக்கு வீடு நிக்கி புள்ள."

"நிண்டா?" என்றாள் தங்கை. "நிண்டா என்ன, நீ அவன்ட பெரியம்மா இல்லயா?"

பிறகு தங்கையும் அழத் தொடங்கினாள். இரண்டு அழுகையையும் வேறு வேறாகப் பிரித்தறிய என்னால் முடியவில்லை.

"அண்ணன், நெருப்புப்பெட்டி இல்லயா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் மெல்லிய குரலில் கேட்டார்.

"தேடுறன்" என்றேன். அது என் கையில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் நெருப்புப்பெட்டிக்கு ஒரு இடம் உண்டு. இருட்டிலும் தவறாமல் எடுப்பேன். கரண்ட் போன உடனேயே எடுத்துவிட்டேன்.

மழை பலத்தது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை, போக முடியாத மழை. அத்தனை பேரும் இருட்டுக்குள் ஒரு திரையும் இல்லாமல் அப்படியே இருந்தோம். பின் ஒழுங்கையிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தியும் அழத் தொடங்கினாள். அவளுடைய தம்பி வன்னியில் இருந்தான், அந்த மாதம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளை யாரும் என்ன என்று கேட்கவில்லை.

கரண்ட் வந்தபோது மெசின் தானாகவே ஓடத் தொடங்கியது. சீடி முதலிலிருந்து வந்தது. அடியில் அந்த நாட்டுத் தலைகள் ஒவ்வொன்றாக வந்து இருக்கைகளில் அமர்ந்தன. மனைவியும் தங்கையும் நிலைக்குக் கீழே நிலத்தில் இருந்தார்கள். தங்கையின் தலையில் மனைவியின் சேலைத் தலைப்புக் கிடந்தது. அயலவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்கள். அன்று யாருக்கும் தேத்தண்ணி கொடுக்கவில்லை. அதை ஒருவரும் குறையாகச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

சண்டை முடிந்த பிறகு தியேட்டருக்கு வெள்ளை அடித்தார்கள். குளிரூட்டி பூட்டினார்கள். பாலத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கிற தேவை குறைந்தது. பழைய மட்டையைக் கழற்றிவிட்டு அச்சடித்த புதிய பலகை ஒன்றை மாட்டினார்கள். ஒட்டுத்தாள்கள் இல்லை. எண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. பல்கனியின் எண்ணைப் பார்த்த ஆட்கள் பலர் திரும்பி, சந்தியில் சீடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கூடத்திலும் பின்னேரங்களில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அயலவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் சம்பளம் வந்த பிறகு வருகிற முதலாவது சனிக்கிழமை, இரண்டு பல்கனி டிக்கெட் மறுபடியும் எங்கள் வீட்டுச் செலவுக்குள் வந்தது. நான் போவதில்லை. அக்காவும் தங்கையும் போவார்கள். முதல் தடவை நான் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தபோது, "நீங்க வேணாம் மச்சான், நாங்க பஸ்ஸில போறம்" என்று தங்கை சொல்லிவிட்டாள். அன்று பின்னேரம் வந்த அயலவர்களுக்கு நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி காணாது என்றார்கள். அன்று ஓடிய படம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

பொழுது பட இருவரும் வந்தார்கள். கையில் கச்சான். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. தங்கை செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

"என்ன விலை மச்சான் அது! கொள்ளைக்காரனுகள். பல்கனிக்கு அந்தக் காசு, உள்ளுக்குப் போனா ஒரே குளிர்."

"அப்ப அடுத்த மாசம் கீழ இருந்து பாருங்களன்" என்றேன். "கலரி இன்னும் மலிவுதானே."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாகா இவர்ட கதைய?" என்றாள் தங்கை. "கலரிக்குள்ள, அவ்வளவு சனத்துக்குள்ள இருந்து ஆரால அழ ஏலும்?"